அகலப் பாய்

“ஒரு வாக்குத்தானே கேக்கிறன் மதினி. நகை கேட்டனா, காணி கேட்டனா?”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் றஹீமாவுக்கு மூச்சு வாங்கியது. பிள்ளை பெற்ற கையோடு பிடித்த காய்ச்சல் ஆஸ்பத்திரி ஊசிக்கும் அடங்கவில்லை, லெப்பை ஓதித் தந்த தண்ணீருக்கும் அடங்கவில்லை. இனித் தேறமாட்டேன் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

கட்டிலடியில் உட்கார்ந்து பன்புல்லில் பாய் இழைத்துக்கொண்டிருந்தாள் கூடப்பிறந்த நானாவின் மனைவி ஸகியா. தலையை நிமிர்த்தவில்லை.

“உன்னோடதான் கதைக்கிறாள் புள்ள,” என்றாள் றஹீமாவின் தாய் சல்மா உம்மா.

“கேக்குது மாமி.”

கேட்டால் மட்டும் போதுமா? இது இன்றைக்கு நேற்றைக்குப் பேசிய பேச்சா? ஸகியாவுக்கு ஜவுபர் பிறந்தபோது றஹீமா மாசமாக இருந்தாள். “உனக்குப் பொம்புளைப் புள்ள கிடைச்சா என்ட மகனுக்குத்தான்,” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னவளே இந்த ஸகியாதான். மாமா மகன், மாமி மகள், முறையான சம்பந்தம்.

அப்போது றஹீமாவுக்கு என்ன குறை? சீதனமாகக் கிடைத்த கல்வீடு இருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளி ஒரே இரவில் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. அதன் பிறகுதான் ஹாஜறா பிறந்தாள், நானாவுக்கு ஸகியா சீதனமாகக் கொண்டுவந்த வீட்டில், கிடுகு வைத்து மறைத்த இந்த அறையில்.

கல்முனைப் பக்கம் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். வீடும் இல்லை, தாயும் இல்லையென்றால் அந்தக் குமரை யார் கேட்டு வரப்போகிறார்கள்? தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் என்று சும்மாவா சொன்னார்கள்? றஹீமாவின் புருஷன் ஹமீட் நல்ல மனிதன்தான். ஆனாலும் நாளைக்கு இன்னொருத்தி வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகத்தானே போகிறான்.

“உம்மாக்கும் வயசு போயிட்டு மதினி. நீங்க மருமகளா எடுத்தா வீடு கேக்க மாட்டீங்க. என்ட புள்ளைக்கு ஒரு நிழல் இருக்கும். ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நான் நிம்மதியாக் கண்ணை மூடுறன்.”

ஸகியா பன்னை இழுத்து அடுத்த மடிப்பைப் போட்டாள்.

சல்மா உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மகள்மேல் வந்த துக்கமெல்லாம் மருமகள்மேல் கோபமாகத் திரும்பியது. “என்னத்துக்குகா இப்ப இந்தப் பாய்? சின்னப் புள்ளைட பாய் எண்டாய், ஆள் படுக்கிற அகலத்துக்கு இழைச்சிட்டுப் போறாய். பன் என்ன கொட்டியா கிடக்கு?”

“படுக்கிறவங்களுக்கு ஏத்த அகலம்தான் மாமி.”

குழந்தை வீறிட்டது. றஹீமா கையை நீட்டப் பார்த்தாள், கை எழும்பவில்லை. மார்பு வற்றிப்போன தாய் தூக்கித்தான் என்ன செய்வாள்? ஸகியா ஹாஜறாவை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

“போத்தல் பாலுக்குப் பழகிட்டாள் போல,” என்றாள் றஹீமா கண்ணை மூடியபடி.

“ஓம்,” என்றாள் சல்மா உம்மா. “முதல்ல குடிச்சதெல்லாம் வயித்தால போச்சே. கிணறெல்லாம் கடல்தண்ணி பூந்து கிடக்கு, எந்தப் புள்ளைக்கு ஒத்துக்கொள்ளும்? இப்பதான் அல்லாட காவல், கன்னம் கொஞ்சம் பூரிச்சிருக்கு.”

ஸகியா திரும்பி வந்து, தூங்கிப்போன குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள் றஹீமா. காய்ச்சல்காரியின் பிடி நெருப்பாகச் சுட்டது.

“மதினி, என்ட முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. ஹாஜறாவை ஜவுபருக்கு எடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“ஏலா றஹீமா.”



“யா அல்லாஹ்!” சல்மா உம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “உனக்கு நெஞ்சில ஈரமே இல்லையாகா? மவுத்துப் படுக்கையில கிடக்கிறவள் கேக்கிறாள். ஒரு பேச்சுக்காவது ஓமெண்டு சொன்னா உன்ட வாய் வெந்தா போயிடும்?”

“பொய் வாக்குக் குடுக்க ஏலா மாமி.”

றஹீமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழக்கூடத் தெம்பில்லை. வீடு போனபோது மதினியும் மாறிப்போனாள், அவ்வளவுதான். உலகம் இப்படித்தான் என்று நினைக்க நெஞ்சு வலித்தது.

“இஞ்சால திரும்பு புள்ள,” ஸகியா அவள் தோளைத் தொட்டாள். “அண்டைக்கு உன்ட மகள் வயித்தால போய்த் துவண்டு கிடக்கக்குள்ள, கண்ணும் சொருகிட்டு. என்ட மார்பில பால் கட்டி நிக்குது. பாத்துக்கிட்டு இருக்க ஏலுமா? அண்டையிலிருந்து அவள் குடிக்கிறது என்ட பால்தான், ஒரு மார்பு ஜவுபருக்கு, ஒரு மார்பு இவளுக்கு. சொன்னா சம்பந்தம் முறிஞ்சிட்டெண்டு உன்ட மனசு உடைஞ்சிடும் எண்டுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தன்.”

சல்மா உம்மாவின் கை தலையிலிருந்து இறங்கியது. ஒரு தாயிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் ஹறாம், கூடவே கூடாது. அது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

றஹீமா மெல்லத் திரும்பினாள். கட்டிலடியில் கிடந்த பாயைப் பார்த்தாள். இரண்டு குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கிற அகலம்.

“அப்ப... என்ட புள்ளைக்கு வீடு?”

ஸகியா அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “நம்மட வழக்கத்தில தாய்ட வீடு ஆருக்கு? மகளுக்குத்தானே? நீ படுத்திருக்கிற இந்த வீடு இனி ஹாஜறாட வீடு. மருமகளுக்கெண்டாத்தான் வாக்கு வேணும் றஹீமா, மகளுக்கு என்னத்துக்கு வாக்கு?”