நூறு வார்த்தைக்குள்

பத்திரிகை ஆசிரியரின் மேஜையில் தண்ணீர் டம்ளர் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கீழ்த்தளத்தில் ஞாயிறு இணைப்பு அச்சாகிறது. சின்ன வயதில், இங்கே அச்சுப் பிரிவில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாளெல்லாம் அவள் கேட்ட மெஷின் சத்தம்தான் அது. "நிருபர் வேலை விண்ணப்பத்துல சவால்னா பிடிக்கும்னு எழுதியிருக்கே. எல்லாரும் இதையேதாம்மா எழுதறாங்க. உன்னைப் பத்தி நூறு வார்த்தையில எழுது, பார்க்கலாம்" என்று கால் மணி நேரத்துக்கு முன் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். இப்போது அதைப் படிக்கிறார். முதல் வரியில் சிவப்புப் பேனா ஒரு சொல்லை அடிக்கிறது. இரண்டாம் வரியில் அப்படியே நிற்கிறது. அப்பாவின் இரண்டு விரல்களை இதே மெஷினின் உருளை இழுத்துக்கொண்டது அங்கேதான் இருக்கிறது. மறுநாள் காலை பேப்பர் வழக்கம்போல ஆறு மணிக்கே வாசலில் வந்து விழுந்ததும், பத்து வயதுப் பெண் கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துத் தேடியதும், அதில் விபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் அதற்குக் கீழே. ஜன்னல் வெயில் அவருடைய கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது, கண்கள் தெரியவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரையே பார்க்கிறாள்.

"நல்லாத்தான் எழுதறே." அவர் தாளை நான்காக மடிக்கிறார். "ஆனா இது செய்தி இல்லையேம்மா. பதினோரு வருஷத்துப் பழைய கதை."

அவள் எழுந்து போகவில்லை. தாளை அவர் கையிலிருந்து வாங்குகிறாள், மடிப்புகளைப் பிரித்து உள்ளங்கையால் நீவி, மறுபடியும் அவர் முன்னால் வைக்கிறாள்.

"அன்னிக்குப் புதுசாத்தான் இருந்துச்சு சார். நீங்கதான் போடல."