சோதனைப் படம்

சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. புதுசாயிற்றே என்று கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்கான கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் போட்டு, படம் திருத்தும் பிரஷ் திரையில் நகராமல் ஒரு வாரம் படாதபாடு பட்ட போட்டோ ஸ்டுடியோக்காரர் இன்று மனைவி சொல்வதைக் கேட்கிறார். "போட்டோ வேலைக்குன்னு தனியா இருக்கு பாருங்க, அதைப் போடுங்க." போடுகிறார். திரை இருண்டுபோகிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண ஆல்பம் உள்ளே இருக்கிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கணினியின் விசிறி உறுமி அடங்க, வெளிச்சம் திரும்புகிறது. எப்போதும்போல் முதலில் மனைவியின் பழைய படத்தைத் திறந்து சோதிக்கிறார்: காற்றில் பறக்கும் முடி, தூக்கலான முன்பல். பிரஷ் கை போன போக்கில் ஓடுகிறது. "சாக்கோட சாக்கா அந்தப் பல்லையும் சரிபண்ணிடுங்களேன்." பண்ணிக் காட்டுகிறார். அவள் உற்றுப் பார்க்கிறாள். "ஐயய்யோ, யாருங்க இவ?" சேமிக்கவா என்று கேட்கிறது கணினி. அவளே எட்டி 'வேண்டாம்' என்பதை அழுத்துகிறாள்.