வீட்டில் அரைத்த மாவு

போன தவக்காலத்தில் என் நாத்தனார் ரெஜினா சொன்ன கதை இது.

ஃப்ரிட்ஜிலிருந்த இட்லி மாவுக்கு, மேலே ஃப்ரீசரில் இருந்த பாக்கெட் பட்டாணியைக் கண்டாலே இளக்காரம். “நான் வீட்டில் அரைச்சவ. உனக்கு ஏதுடி சத்து?”

“என்னைப் பறிச்ச அன்னைக்கே உறைய வச்சாங்க. உங்களை அரைச்சது என்னைக்குக்கா?”

மாவு எண்ணிப் பார்த்தது. பன்னிரண்டு நாள்.

மறுநாள் காலை, காய்ச்சல் விட்ட பிள்ளை பசியோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மா மாவுப் பாத்திரத்தை எடுத்தாள். பிள்ளை வயிறு கெடக் கூடாது என்று மாவு தீர்மானித்துவிட்டது. மூடியைத் தள்ளி, தன் புளித்த வாடையை முழுசாக அவள் முகத்தில் விட்டது. “என்னை விடு தாயி, அந்தப் பட்டாணியை எடு.”

அன்றைக்குப் பட்டாணி உப்புமா.

உங்க வீட்டு மாவையும் இன்னைக்கு ஒருதரம் மோந்து பாருங்கம்மா.