கனகலட்சுமியின் கடன்

“பதினேழாயிரத்து முந்நூத்தி நாப்பது. வட்டியோட. ஒரு ரூவா கொறையாது. கனகலட்சுமி எவட்டி? வெளிய வா!” பைக்கை விட்டு இறங்காமலே மில் வாசலில் கத்தினான் ராஜேஷ்குமார்.

ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒதுங்க முடியாமல் நின்றவள் பொன்செல்வி. செத்துப்போன புருஷன் வாங்கியதாக அவன் சொன்ன கடனுக்கு, அரை வயிறும் கால் வயிறுமாகத் தவணை கட்டி வருகிறவள். இந்த மாதத்துப் பணத்தையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

அவன் மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் பொன்செல்விக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் திரும்பினாள். மில்லுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பொன்செல்விக்கு முகம் மட்டும் பழக்கம்.

“எந்தக் கடன் வே? நான் எப்ப வாங்குனேன்?”

“ஒனக்கு மறக்கும், எனக்கு மறக்குமா? அப்பன் பேரு சௌந்தரபாண்டியன். வீடு மேலநீலிதநல்லூர் நடுத்தெரு. ஒன் ரத்தம் ஓ நெகட்டிவ்வுங்கிறது வரைக்கும் நம்ம கையில இருக்கு.”

பொன்செல்வியிடமும் இப்படித்தான் புட்டுப் புட்டு வைத்தான். இத்தனை தெரிந்தவன் பொய்யா சொல்வான் என்று நம்பித்தான் கட்ட ஆரம்பித்தாள்.

“குடுத்துத் தொலச்சிரு தாயி. வீட்டு வாசல்ல வந்து நாறடிப்பான்” என்றாள் பொன்செல்வி அந்தப் பெண்ணிடம்.

“வீட்டக் கண்டுபுடிச்சு வரட்டும்க்கா” என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். “நான் கையெழுத்துப் போட்டத நீரு பாத்தீரா?”

“பின்ன? என் கண்ணு முன்னாலதான போட்ட! மஞ்ச சுடிதாரு. வாங்கையில பல்லக் காட்டுன, கட்டச் சொன்னா வாய் நீளுதோ?”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் அவள். ஒதுங்கிப் போனவர்கள் நின்றார்கள்.

“பொன்செல்வியக்கா, முந்தியில இருக்கத அவுக்காதீங்க. ஒங்க வீட்டுக்காரரு ஒரு பைசா வாங்கல. நம்ம எல்லாரு பேரும் விலாசமும் மில்லு சர்வர்ல கெடக்கு. அதுல ஒரு ஓட்டை. பாஸ்வேர்டு இல்லாம எவன் கேட்டாலும் எல்லாத்தையும் கக்கிருது. அதத் திருடித்தான் இவன் கடன் எழுதுதான். ஓட்டைய அடைக்கத்தான் என்னைய வரச் சொன்னாவ. எம் பேரு ஜெஸ்லின்.”

ராஜேஷ்குமார் பைக்கைக் கிளப்பப் பார்த்தான். அதற்குள் சாவியைப் பிடுங்கிவிட்டாள் பொன்செல்வி.

“எங்கிட்ட வாங்கினத எண்ணி வச்சிட்டு வண்டிய எடுல!”

பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். அப்போதும் அவன் விடவில்லை.

“நீ எவளா வேணா இருந்துட்டுப் போ! கடன் கடன்தான். அந்தக் கனகலட்சுமிய வரச் சொல்லுட்டி!”

ஜெஸ்லின் சிரித்தாள்.

“பேரு, அப்பன், ரத்தம் எல்லாம் திருடனப் புடிக்க நான் சர்வர்ல பொய்யா எழுதிப் போட்டதுல்லா. அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லயேலே!”