எட்டு மணி இரங்கல்

"எழவு வீட்டு மானத்தை வாங்கிட்டியேடி பாவி!"

ஷார்ஷென் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது மனுஷனுக்கு. நரித்தோல் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, இரங்கல் தளத்து அலுவலகத்தில் புருலாயின் மேஜைமுன் நின்றார்.

"கூடப் பிறந்த தம்பி செத்துக் கிடக்கான். சம்பந்தி வீட்டு இரங்கல் ஒன்பது மணிக்கே வந்துடுச்சு. அண்ணன் என்னோடது பத்து மணிக்கு! குதிரை வெட்டிச் சோறு போட்டேன், அந்தச் சோத்தைத் தின்னுட்டே கேக்கிறானுங்க, 'என்ன ஷார்ஷென், அழறதுக்கு நேரம் கிடைக்கலையா'ன்னு!"

நாரின் மாதிரி மலையூரில் இது சின்ன விஷயமில்லை. யார் இரங்கல் முதலில் வந்தது என்று ஊரே போனைத் திறந்து பார்க்கும். பேரையும் உறவையும் சாவுக் காரணத்தையும் கொடுத்துவிட்டால் போதும். அழுகிற வரிகளைக் கணினியே எழுதி, குறித்த நேரத்தில் தளத்தில் போட்டுவிடும். ஏதாவது சிக்கினால் புருலாயின் திரையில் சிவப்பு எரியும், அவள் மறுபடி அழுத்தவேண்டும். அவள் சம்பளமே அதற்குத்தான்.

அவளும் கவனமானவள்தான். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும்போதுகூட, மறுநாள் எட்டு மணிக்கு மூன்று இரங்கல்கள் வரிசையில் நிற்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். விடிந்ததும் அந்த மூன்றில் ஒன்று சிக்கிக்கொண்டது. அவளோ வழியில் பனி விழுந்து, வேன் நின்றுபோய், ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தாள்.

தாமதம்கூடப் பரவாயில்லை. பயத்தில், எட்டு மணிக்கே வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது. இந்த வேலை போனால் இந்தக் குளிரில் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கவேண்டியதுதான்.

"மன்னிச்சுக்கங்க அண்ணே. மெஷின் கோளாறு..."

"மெஷினா? ஏழு பாட்டன் பேரு தெரியாதவளை எல்லாம் உக்கார வச்சா இப்படித்தான்! வெள்ளிக்கிழமை விடியக்காலை ஆறு மணிக்குத் தம்பி மகன் போன் பண்ணினான். 'பெரியப்பா, அப்பா எந்திரிக்கலை, வீடெல்லாம் அடுப்புக் கரிப்புகை'ன்னான். முந்தின ராத்திரி பத்து மணிவரைக்கும் என்கூட உக்காந்து சிரிச்சுப் பேசினவன்! அழுதுக்கிட்டே அந்த நிமிஷமே உங்க தளத்துல பதிஞ்சேன். உனக்கு என்னடி கேடு?"

முதலாளி எர்மெக் அதற்குள் ஓடிவந்துவிட்டார். ஷார்ஷென் மாதிரி ஆட்கள் கோபித்துக்கொண்டால் விளம்பரம் நின்றுபோகும் என்ற பயம் அவருக்கு.

"உக்காருங்க அண்ணே, டீ கொண்டுவரச் சொல்றேன். பாவம் உங்க தம்பி குபாத், நல்ல மனுஷன்."

"டீயும் வேணாம், ரொட்டியும் வேணாம். எத்தனை மணிக்கு இவ வந்து உக்காந்தான்னு மெஷின்லயே இருக்கும்ல? அதைத் திற. என் கண்ணு முன்னால திற!"

புருலாய் திரையை மறைத்துக்கொண்டு எழுந்தாள். "எர்மெக் அண்ணே, அது எதுக்கு இப்போ? தப்பு என்மேலதான்னு ஒத்துக்கிறேனே. சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

"பாத்தியா, மறைக்கிறா! திருடி! திற எர்மெக்!"

எர்மெக் அவளைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் விரலை வைத்து வாசித்தார். "வெள்ளி, எட்டு மணி, சிக்கல். ஒன்பது நாப்பத்தஞ்சு, புருலாய் உள்ளே வந்தது. ஒன்பது ஐம்பத்தாறு, மறுபடி அழுத்தினது." மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். "எட்டுன்னு கையெழுத்து போட்டிருக்கே. எந்திரிச்சு வீட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராதே."

அவளுக்குக் கண் நிறைந்தது. கோட்டை எடுத்தாள். ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"இது போதும் எனக்கு," என்று ஷார்ஷென் தொப்பியைத் தலையில் வைத்தார். "மூடிடு எர்மெக். நான் கிளம்பறேன், மந்தைக்கு வைக்கோல் போடணும். இனிமே தம்பியோட மந்தையையும் நான்தானே மேய்க்கணும்."

எர்மெக்குக்குக் காக்கா பிடிக்கிற சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை. "இருங்க அண்ணே. நீங்க நேரத்துக்குத்தான் கொடுத்தீங்கன்னு ஊருக்குத் தெரியணும். நீங்க பதிஞ்ச நேரத்தையும் அச்செடுத்துத் தர்றேன். சம்பந்தி மூஞ்சியில வீசுங்க."

"வேணாங்கறேன்ல!"

"ஒரு நிமிஷம்ணே, இதோ வந்துடுச்சு. இரங்கல் பதிஞ்சவர், ஷார்ஷென். உறவு, அண்ணன். இறந்தவர், குபாத். காரணம், கரிப்புகை. பதிஞ்ச நேரம்..." விரல் அங்கேயே நின்றது. இன்னொரு தரம் வாய்க்குள் படித்துப் பார்த்தார். "வியாழக்கிழமை. சாயங்காலம் அஞ்சு பத்து."

பாதி மாட்டிய கோட்டோடு வாசலில் நின்ற புருலாய் திரும்பினாள்.

"அண்ணே, அப்போ குபாத் அண்ணன் உசிரோடதானே இருந்தாரு?"