பக்கத்து நாற்காலி

தலைவர் தணிகாசலம் வெள்ளை வேட்டியோடு மைதானத்துக்குள் வந்தபோது, எங்கள் கோச் லியோ சார் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

டீம் மேனேஜரான நானே துண்டால் துடைத்து அவரை அதில் உட்கார வைத்தேன். தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்து, க்ளப்புக்கே படியளக்கிற மனிதரை நிற்க வைக்க முடியுமா?

லியோ சார் ஏதோ சொல்ல வந்தார். கண்ணைக் காட்டி அடக்கினேன்.

அவர் ஆஸ்திரியாக்காரர். சொந்த ஊரில் பந்தாடி, முட்டி போனபின் நாடு நாடாகக் கோச் வேலை பார்த்து, வயதான காலத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். எங்கே போனாலும் ஒரே பிடிவாதம். பாதி ஆட்டத்தில் வெளியே எடுக்கிற பையனுக்குத் தன் பக்கத்தில் நாற்காலி இருக்க வேண்டும். ஆட்டம் முடிகிறவரை அவன் தோளில் இவர் கை இருக்கும்.

வெள்ளைக்காரனுக்கு என்ன கிறுக்கோ என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இன்று ஃபைனல். ஜெயித்தால்தான் அடுத்த வருடமும் அவர் கோச் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல் போட்டிருந்த நேரத்தில் முகிலன் பெனால்டியை வெளியே அடித்தான். தலைவர் வாயில் வரக்கூடாத வார்த்தை வந்தது. அதன்பின் பையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லியோ சார் அவனை வெளியே எடுத்தார்.

தலைகுனிந்து வந்த முகிலன் நாற்காலியைப் பார்த்தான். அதில் தலைவரைப் பார்த்தான். நிற்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

லியோ சார் அந்த முட்டியோடு அவன் பின்னால் ஓடினார். ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு.

"எங்கய்யா ஓடறான் இவன்?" என்று தலைவர் எழுந்துவிட்டார்.

இழுத்து வர நானும் ஓடினேன்.

வெளியே வாய்க்கால் கட்டையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முகிலன் தேம்பிக்கொண்டிருந்தான். அவன் தோளில் அவர் கை.

உள்ளே விசில் அடித்தது. எதிர் டீம் பையன்களின் கூச்சல் கேட்டது. அவர் திரும்பவே இல்லை.

"எல்லாம் போச்சு சார். இவன்கிட்ட நாளைக்குப் பேசிக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

முதன்முதலாகக் கோச்சாகப் போன நாட்டில் இப்படித்தான் ஒரு பையனை வெளியே எடுத்தாராம். அவனும் அழுதானாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாராம்.

மறுநாள் அவர் பேசியது, மலர்வளையத்தோடு போய், அவனைப் பெற்றவளிடம்.