கூட்டம் மாறிய புள்ளி

பெரியக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் கம்ப்யூட்டர் திரை சட்டென்று மாறியது. அதன் முன்னால் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்த பேராசிரியரும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விழுங்கினார்கள்.

"என்ன சார், ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. மறுபடி ஓட்டிப் பாக்கணும்" என்றார் பேராசிரியர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுபடியா! வாரம் முழுக்க இதே பாட்டுதான். பெரியக்கா வந்த வழியே விடுவிடுவென்று திரும்பி நடந்தாள்.

அந்த ஆய்வகத்தில் பேராசிரியருக்கு அடுத்த இடம் அவளுடையது. வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதையாக எல்லாரும் 'பெரியக்கா' என்றே கூப்பிடுவார்கள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து காட்டும் மரபணுச் சில்லுகளிலிருந்து வரும் விவரங்களை அவள்தான் அலசிக்கொண்டிருந்தாள். பிறகு புது சாஃப்ட்வேர் வந்தது, கூடவே அதை ஓட்டத் தெரிந்த இந்தப் பெண்ணும் வந்தாள். கீபோர்டில் அவள் விரல் போகிற வேகத்துக்கு ஆய்வகமே 'மின்னல்' என்று பேர் வைத்துவிட்டது. பெரியக்கா மட்டும் மனசுக்குள் 'நேத்து முளைச்ச காளான்' என்று வைத்திருந்தாள்.

காளானைக் கொண்டாடாத ஆள் இல்லை. ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நோயாளிகளின் ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்றதும் ஆய்வகத்து ஆட்களே சட்டைக் கையைச் சுருட்டினார்கள். ஊசி குத்தியவள் மின்னல்தான். "குத்தினதே தெரியலம்மா!" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். பெரியக்கா மட்டும் கையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு உசுரே போயிடுச்சு" என்றாள்.

இப்போது இந்த மூடுமந்திரம் வேறு. போதாததற்கு முந்தின நாள் மின்னலே தேடி வந்து, "அக்கா, நீங்க சீக்கிரமா வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்களேன். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"ஏன், என் நாற்காலி உனக்குச் சரியா இருக்குமான்னு அளந்து பாக்கணுமா?"

அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. நடிப்பிலும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டாள் பெரியக்கா.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மின்னல் கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போயிருந்தாள். பெரியக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உட்கார்ந்து, அந்த ரிசல்ட்டைத் திறந்தாள்.

திரை நிறையப் புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் ஒரு ஆளின் ரத்தம். மரபணுக்களின் போக்கைப் பார்த்து, ஒத்துப்போகிறவர்களை அருகருகே உட்கார வைப்பது சாஃப்ட்வேரின் வேலை. நோயாளிகளுக்குச் சிவப்பு, மற்றவர்களுக்குப் பச்சை. சிவப்பெல்லாம் ஒரு ஓரம், பச்சையெல்லாம் எதிர் ஓரம் என்று கோடு கிழித்த மாதிரி பிரிந்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் அடங்கவில்லை. சிவப்புக் கூட்டத்தின் நட்டநடுவில் ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் பேர் இல்லை, வெறும் எண்தான்.

வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. மின்னல் ரத்தம் பிடித்த குழாயில் எண்ணை மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறாள்! அதை மறைக்கத்தான் இந்த 'மறுபடி மறுபடி' எல்லாம். பேராசிரியரும் அதற்கு உடந்தை. பெரியக்காவுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலக் கூட்டத்தில் எல்லாரும் வந்து உட்காரும்வரை பொறுத்தாள். அப்புறம் மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நோயே இல்லாத ஆளோட புள்ளி நோயாளிங்க நடுவுல போய் உக்காந்திருக்கே, அது எப்படி?"

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை அப்புறம் தனியாப் பேசலாம்மா" என்றார் பேராசிரியர்.

"எதுக்கு சார் தனியா? நான் ஒரு குழாயை மாத்தி வெச்சிருந்தா இப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாப்பீங்களா? எனக்கு ஒரு நியாயம், நேத்து வந்தவளுக்கு ஒரு நியாயமா?" அடக்கி வைத்ததெல்லாம் குரலில் ஏறி வந்தது.

"எதுவும் மாறலம்மா. எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்துலதான் வந்து நிக்குது. டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு. சம்பந்தப்பட்டவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"யாரையோ சாக்கு வெச்சு இவளைக் காப்பாத்தாதீங்க சார்!" பெரியக்கா மின்னலின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு. அந்தக் குழாய்ல இருந்தது யார் ரத்தம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்ப சொல்லேன். எல்லாரும் கேக்கட்டும்!"

மின்னல் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவரை ஏன் பாக்கறே? நாக்கு ஒட்டிக்கிச்சா?" பெரியக்கா மேஜையைத் தட்டினாள்.

அந்தப் பெண் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். தட்டிய கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உங்க ரத்தம்க்கா."